வயிற்றில் இல்லாத மருந்து

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் தென்றல் வேலை பார்த்த வயரிங் கம்பெனியில், லைனை விட்டு ஒருவர் நகர்ந்தால் அந்த இடத்தில் ரிலீவர் வந்து நிற்க வேண்டும். மூத்திரம் போவதற்குக்கூட மனிதர் கைதூக்கி நிற்கும் இந்தக் கொடுமைக்குத்தான் தொழில் வளர்ச்சி என்று பெயர்.

டிப்ளமோ கடைசி வருடத்தில் தென்றலுக்குப் பெருங்குடலில் புண் வந்தது. கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், "இது தொத்து வியாதி இல்லம்மா. ஆனா ஆயுசுக்கும் மாத்திரை போடணும்" என்றார். நோய் கிளம்பினால் ரத்தமாகப் போகும். வயிறு முறுக்கிவிட்டால் காத்திருக்க முடியாது.

அவள் கைதூக்குவதற்குள் வந்து நிற்கும் ரிலீவர் வசந்தகுமார். அவள் முகம் வெளுத்தாலே அவனுக்குப் போதும். "நீ போ, நான் பாத்துக்கறேன்."

"இன்னாடா, மேடத்துக்கு பாடிகார்டா?" என்று பையன்கள் சீண்டினார்கள். சீண்டல் காதலாயிற்று. குன்றத்தூர் மலையடியில் ஒரு மாலை, பெற்றவளிடம்கூட முழுதாகச் சொல்லாததை அவனிடம் சொன்னாள், ரத்தம் உட்பட.

"உங்க வூட்ல சொல்லாத. நேரம் வரும்போது நானே சொல்றேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சினிமாவுக்கு என்று பைக்கில் ஏற்றிக்கொண்டான். வண்டி மறைமலை நகர் தாண்டி ஒரு தகரக் கொட்டகை முன் நின்றது. உள்ளே அவன் அம்மா சந்திரம்மாள், தட்டில் எலுமிச்சம்பழத்தோடு. பக்கத்தில் மருந்து எடுப்பவன். எவனோ சோற்றில் வசிய மருந்து கலந்துவிட்டான், அது குடலில் ஒட்டிக்கொண்டது என்று பயமுறுத்தி, வயிற்றிலிருந்து அதை உறிஞ்சி எடுப்பதாகப் பிழைக்கும் பேர்வழி. வாசலில் காரில் வந்த படித்தவர்களும் காத்திருந்தார்கள்.

தென்றல் வசந்தகுமாரைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உக்காரு கண்ணு. ரத்தமா போவுதாமே, வசந்து சொல்லிச்சி. வரப்போற மருமவ நல்லாருக்கணும்னுதான்" என்றாள் சந்திரம்மாள்.

மருமவ. அந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்தாள்.

மருந்து எடுப்பவன் அவள் வயிற்றில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினான். குழாய்க்கு வாய் வைக்கும் முன்பே அவன் கன்னம் உப்பியிருந்ததை அவள் பார்த்தாள். முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைத் தட்டில் துப்பினான்.

"ஆம்பள வச்சது. பழைய சகவாசம்."

"எவன்டி அவன்?" சந்திரம்மாள் குரல் மாறியது.

"யாரும் இல்ல. அந்தாளு வாயிலயே வச்சிருந்தாரு. எனக்குக் குடல்ல புண்ணு, அவ்ளோதான். வசந்த், உனக்குத் தெரியுமில்ல? சொல்லேன்."

அன்று மலையடியில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்தவன்தான். டாக்டர் சொன்னதை அவள் வாயால் வரி மாறாமல் கேட்டவன்தான். உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்:

"யாரு தென்றல்?"

அவள் வெளியே வந்து சாலையோரம் நின்றாள். உள்ளே ஏதோ பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் சிரித்த முகத்தோடு ஓடி வந்தான்.

"அம்மா ஒத்துகிச்சி! மருந்துதான் எடுத்தாச்சே, தை மாசம் வச்சிக்கலாமாம். தோ பாரு, பழசெல்லாம் நான் கேக்கவே மாட்டேன். மன்னிச்சிட்டேன்."

வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"தென்றல், இன்னா இது? கல்யாணத்துக்குத்தான சொல்றேன்!"

"எனக்கு வேணாம் வசந்த்" என்று ஏறி உட்கார்ந்தாள்.