புயல் எங்கே, மேடம்?

வானிலை அலுவலகத்தில் நாங்கள் சொன்னது பலித்தால் அது இயற்கை. பலிக்காவிட்டால் எங்கள் தவறு. நாளை நடப்பதை இன்றே சொல்லிப் பிழைக்கிற டாக்டரோ, ஜோசியரோ, பங்குச்சந்தைத் தரகரோ, யாராக இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும். நான் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த எட்டாவது வருஷம், ஐப்பசியில் வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பியது.

மொட்டைமாடி நிலவரம்

செவ்வாய்க்கிழமை டிவிக்காரர்களுக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு சொன்னேன். லடாக்கில் பனி, ராஜஸ்தானில் இன்னும் அடங்காத வெயில், நம் தமிழ்நாட்டில் கனமழை, எல்லாவற்றுக்கும் மேலாக வியாழக்கிழமை வங்காளக் கரையைக் கடக்கப்போகும் புயல்.

தேசத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்ட பெருமையோடு லேக் கார்டன்ஸ் வீட்டுக்குத் திரும்பினால், மாஷிமா என்று எல்லோரும் கூப்பிடும் மேல்வீட்டுப் பெரியம்மா படியிலேயே காத்திருந்தார். குளிருக்கு முன் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை வெயிலில் காயப்போடுவது இந்த ஊர் வழக்கம். நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாராம். "லடாக் கிடக்கட்டும் மா, என் ரஜாய் நாளைக்கு எத்தனை மணி வரை மாடியில் இருக்கலாம்?"

பேரம்

மறுநாள் காலை கொல்கத்தாவின் பெஹாலாவிலிருந்து காளி பூஜைக் கமிட்டிச் செயலாளர் ஒருவர் போன் செய்தார். மூங்கில் பந்தல் பாதி எழும்பியிருந்தது. அலங்கார விளக்குகளையும் துணியையும் இறக்கிவிடச் சொன்னேன். அவர் காற்றின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கப் பார்த்தார். நான் மசியவில்லை. மழையையாவது பாதியாக்கக் கேட்டார். அதற்கும் முடியாது என்றதும் குரலில் மரியாதை கூடியது. "பூஜை முடிந்தபிறகு வரும்படி செய்ய முடியாதா, மேடம்? வேண்டுமானால் உங்கள் பெரிய அதிகாரியிடம் நானே பேசுகிறேன்."

கூப்பிடவா, வேண்டாமா?

அன்று மத்தியானம் காக்த்வீப் பக்கத்து மீனவர் சங்கத் தலைவர் பேசினார். அவர்கள் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. போன வருஷம் எங்கள் எச்சரிக்கையைக் கேட்டு எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார். புயல் ஒடிசா பக்கம் போய்விட்டது. வெறும் வலையோடு வந்தவர்களிடம் அவர் வாங்கிய வசவுக்கு அளவில்லை. இந்த முறை உறுதியாகச் சொன்னால்தான் திரும்புவோம் என்கிறார்களாம்.

கம்ப்யூட்டர் கணிப்புகளில் இரண்டு எங்கள் கரையைக் காட்டின. ஒன்று கிழக்கே போனது. 'வாய்ப்பு உண்டு' என்பதோடு நிறுத்திக்கொள், அதுதான் நமக்குப் பாதுகாப்பு என்றார் என் மேலதிகாரி. நமக்குச் சரி, படகில் இருப்பவனுக்கு? மூன்று பாதைகளையும் மறுபடி பார்த்தேன். எந்த வழியாகப் போனாலும் அந்தப் படகுகள் நின்ற கடலைத் தாண்டித்தான் புயல் போக வேண்டும். கரை விஷயத்தில் என் கணிப்பு தப்பலாம், கடல் விஷயத்தில் தப்பாது, எல்லோரையும் கூப்பிடுங்கள் என்றேன். சங்கத் தலைவர் ஒப்புக்கொண்டார். "கூப்பிடுகிறேன். பொய்யானால் இங்கே வந்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்."

என்னைத் தெரியாதவர்

வியாழக்கிழமை புயல் கிழக்கே நகர்ந்து, ஆளில்லாத அலையாத்திக் காட்டில் கரையேறியது. கொல்கத்தாவில் தூறல், அதுவும் சாஸ்திரத்துக்கு. பெஹாலா செயலாளர் போன் செய்து, புயல் எங்கே, மேடம் என்று மட்டும் கேட்டு வைத்தார். காக்த்வீப்பிலிருந்து ஒரு தகவலும் இல்லை; என் போன் அங்கே போகவும் இல்லை.

என் கணவர் பேங்க் அதிகாரி. காய் வாங்கப் போனவர் குடையை விரிக்காமலே திரும்பினார். "மார்க்கெட்ல எல்லாரும் வானிலைக்காரங்களைத்தான் திட்டறாங்க. நானும் சேர்ந்து ரெண்டு வார்த்தை திட்டிட்டு வந்துட்டேன்."

வசவு

வெள்ளிக்கிழமை காலை சங்கத் தலைவரே கூப்பிட்டார். கழிமுகத்துக்குள் கட்டிவைத்திருந்த படகுகளிலேயே இரண்டு மோதி உடைந்துவிட்டன, வெளியே கடல் எப்படி இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை என்றார். ஆனால் வெளியே ஒரு படகும் இல்லை. மீன் போச்சே என்று முதலாளிகள் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்களாம். இத்தனை வருஷ வேலையில் நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. கடைசியாக அவர் சொன்னார்: "உங்களைத் திட்ட இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், மேடம். அத்தனை பேரும் இருக்கிறார்கள்."

சம்பளத்தோடு வசவையும் சேர்த்தே தருகிற உத்தியோகம் இது. வசவு குறையில்லாமல் வந்து சேர்ந்தால் வேலை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்.