பெரிய வியாழனில் இரண்டு தாம்பாளங்கள்

அடியார் பாதம் கழுவக் குனிந்த அருட்பெருமானே, உமக்கே துதி.

அன்று பெரிய வியாழன். திராவிட ஆட்சி வந்த புதிது. தை அறுவடையில் கூலி உயர்வு கேட்டுத் எங்கள் வயல்களில் உழைக்கும் தெற்குத்தெருச் சேரியார் வேலையை நிறுத்தியிருந்த கசப்பு இன்னும் ஆறவில்லை. ஆயினும் எங்கள் பங்குச்சாமியார், இயேசு தம் சீடர்க்குச் செய்ததுபோல் அன்று தாம் பாதம் கழுவிவிடும் பன்னிருவரில் முதன்முறையாகத் தெற்குத்தெரு அந்தோணியையும் சேர்த்திருந்தார். என்னையும் சேர்த்து மற்ற பதினொருவரும் நிலக்காரர்கள்.

பீடத்தின்முன் இரண்டு தாம்பாளங்கள் இருந்தன. ஒன்று எங்களுக்கு, மற்றொன்று அவருக்கு மட்டும்.

"எதுக்குங்க சாமி ரெண்டு?" என்றார் அந்தோணி.

"மத்தவங்க சங்கடப்படுறாங்கப்பா. கொஞ்சம் அனுசரிச்சுக்க."

"நாங்க மிதிச்ச சேத்துல வெளஞ்ச சோறு மட்டும் இனிக்குதுங்களா?"

சொல்லிவிட்டு அவர் வெளியேறத் திரும்பினார். நான் எழுந்துபோய் அவருடைய தாம்பாளத்தில் காலை வைத்தேன். "எனக்கும் இதுலயே ஊத்துங்க சாமி" என்றேன். அந்தோணி சற்றுத் தயங்கி, என் காலருகே தம் காலை வைத்தார். சாமியார் இருவருக்கும் நீர் வார்த்தார். மற்றவர் ஒருவரும் அசையவில்லை.

மறு ஆண்டு அச்சடங்கையே நிறுத்திவிட்டார்கள். ஒரே தாம்பாளத்தில் கால் வைப்பதைவிட, ஆண்டவர் செய்துகாட்டியதைக் கைவிடுவது எங்களவர்க்கு எளிதாயிருந்தது. கோயிலில் கண்ணீர் மல்கப் பாடுவோரெல்லாம் பரிசுத்தர் என்றிருந்த என் எண்ணம் அத்தோடு போயிற்று; ஆற்றாமை மட்டும் போகவில்லை.

இதை வாசிக்கும் அனைவர் இல்லத்திலும் இறையருள் தங்குக.