மழை வந்தால் வரமாட்டாள்

சலவைக்கடை வைத்துப் பிழைக்கிறவளுக்கு மழையோடு என்ன உறவு இருக்க முடியும்? பகைதான். துணி காயாது. உலர்த்துகிற இயந்திரத்துக்கு மின்சாரத்தைக் கொட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொரு செருப்பும் தன் பங்குக்குச் சேற்றைக் கொண்டுவந்து தரையில் அப்பிவிட்டுப் போகும். இதெல்லாம் போதாதென்று என் தங்கை மலைச்சரிவில் சைக்கிள் பந்தயம் விடுகிறாள். அவள் உடுப்பில் ஊறிய சேறு எந்தப் பொடி போட்டாலும் போகாது. அதுவும் என் தலையில்தான் விடியும்.

அவள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலை நகரப் பேருந்து ஓட்டுவது. அவள் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர் கையிலிருக்கும் டீகூடச் சிந்தாது. அவ்வளவு பதமான கால். அதே பெண் ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆடுகூட யோசித்து இறங்குகிற சரிவில் தலைகீழாகப் பாய்வாள். இந்தப் பந்தயத்துக்கு என்டியூரோ என்று பேர். மலைமேல் ஏறுவதற்கு நேரக் கணக்கு கிடையாது, இறங்குவதற்கு மட்டும்தான். நாலைந்து இறக்கங்கள், எல்லாவற்றின் நேரத்தையும் கூட்டி யார் குறைவு என்று பார்ப்பார்கள். மூச்சு வாங்க ஏறுவதை ஒருவரும் மதிப்பதில்லை, விழுந்து வாருவதைத்தான் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். நல்ல விளையாட்டு போங்கள்!

அந்த வட்டாரத்தில் அவளுக்குப் 'பிரேக்கம்மா' என்று பட்டப்பெயர். பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் வந்ததில்லை. அதை வைத்தது அவளைக் கட்டியவர்.

அவர் சைக்கிள்கடைக்காரர். பந்தயத்துக்கு மலையில் தடம் வெட்டுவதும் அவர்தான். ஒருகாலத்தில் எனக்கு மாப்பிள்ளை. இப்போது கடைக்காரர் என்றுதான் சொல்கிறேன், ஆனால் நேரில் பார்த்தால் 'வாங்க, போங்க' போகமாட்டேனென்கிறது. திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டித் தொலைக்கிறேன்.

நடந்தது இதுதான். தடத்தின் நடுவே ஓர் ஓடை. அதன்மேல் அவர் மரப்பாலம் போட்டார். நனைந்த பலகை சோப்பு மாதிரி வழுக்கும். அதனால் சக்கரம் பிடிக்க மேலே கம்பிவலை அடிப்பார்கள். மழை நாளில் என் தங்கை அவரிடம், "வலை அடிச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். "அடிச்சாச்சு, தைரியமா போ" என்றிருக்கிறார். போனாள். விழுந்தாள். தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போனது. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மறுநாள் சைக்கிளை எடுத்துவர நான் போனேன். பாலத்தில் வலை இருந்தது. ஆணியெல்லாம் துரு ஏறாமல் பளபளவென்று இருந்தது. அவள் விழுந்த பிறகுதான் அடித்திருக்கிறார்.

அவள் கேட்டதற்கு மனிதர் அசரவில்லை. "வலை முன்னாடியே இருந்துச்சு. நீதான் பயத்துல பாலத்து மேல பிரேக் போட்ட" என்றார். ஊரெல்லாம் அதையே சொன்னார். பயல்கள் சிரித்து, பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சொன்னா, விழுந்துட்டுப் பழி போடறான்னு சொல்வாங்க" என்றாள். அவர் வாயிலிருந்து ஒரு 'மன்னிச்சிடு' வருமா என்று கட்டு பிரிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஒரு பையோடு என் கடை மாடிக்கு வந்துவிட்டாள். "எலும்பு சரியாயிடுச்சு, அக்கா. அவன் சொன்ன பொய்யைத்தான் என்னால தாங்க முடியல" என்றாள். அதோடு சரி, விவாகரத்து.

பயம் மட்டும் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவளுக்கு மழையில் பயம்தான். அதற்குப் பின் இரண்டு பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாள். இரண்டு தடவையும் மழை பிடித்தது, இரண்டு தடவையும் தொடங்குகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "மழை வந்தா பிரேக்கம்மா வரமாட்டா" என்பது அங்கே வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. இந்தத் தடவை வண்டியில் சாமான் ஏற்றும்போதே சொன்னாள்.

"இந்த முறையும் திரும்பி வந்தேன்னு வை, சைக்கிளை வித்துடுவேன். அவன் சொன்னது உண்மைன்னு நானே கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும்."

"வித்துத் தொலை. எனக்குத் துணி துவைக்கிற வேலை மிச்சம்" என்றேன். நான் இன்னும் கொஞ்சம் நல்ல வாயாகப் பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அது வராது.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. நாங்கள் என் கடை வேனில் போய்ச் சேர்ந்தபோது மைதானம் மைதானமாகவே இல்லை. எங்கே பார்த்தாலும் செம்மண் குழம்பு. தார்ப்பாய்க்குக் கீழே ஆளாளுக்கு ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் ஒருவன், "அட, வந்துட்டாங்க! நாளைக்கு இருப்பாங்களா?" என்றான். இன்னொருவன் சிரித்தான். என் கையில் வாளி இருந்தது, அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். தங்கை என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மழைக்கென்று என்னென்ன பாடு! சாதாரண டயரைக் கழற்றிவிட்டு, பல் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கிற சேற்று டயரைப் போட்டாள். காற்றைக் குறைத்தாள். கண்ணாடியில் மூச்சு படியாமலிருக்க எதையோ தேய்த்தாள். நான் என் பங்குக்குக் கையுறைகளை இயந்திரத்தில் உலர்த்தி, ஜோடி ஜோடியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். கடைசியாக சிலிக்கான் ஸ்ப்ரே. சைக்கிள் சட்டத்தில் அதை அடித்துவிட்டால் சேறு ஒட்டாமல் வழுக்கி விழுந்துவிடும். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. பிரேக் பிடிக்கிற வட்டத் தகட்டில் ஒரு பொட்டு பட்டாலும் போச்சு. அதனால் அடிப்பதற்கு முன் இரண்டு தகட்டையும் பை சுற்றி மூடவேண்டும். இவள் அதில் கெட்டிக்காரி, ஒருநாளும் மறந்தவளில்லை.

முன்சக்கரத் தகட்டை மூடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் எங்கள் தார்ப்பாய்க்குள் தலையை நீட்டினார். கையில் பந்தயக்காரர்களின் பட்டியல்.

"வாங்க" என்றது என் பாழாய்ப்போன வாய்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கடைசி இறக்கம் முழுக்க வேரும் பாறையும். மழைல அது உனக்கு ஒத்து வராது. இப்பவே சொல்லிடு, பேரை எடுத்துடறேன். நாளைக்கு அவ்வளவு பேர் பாக்க அவமானப்பட வேணாம்" என்றார்.

"என் அவமானத்தைப் பத்தி நீ கவலைப்படறியா? எப்பலேருந்து?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உன் நல்லது எனக்குத் தெரியும். தோள்ல இன்னும் கம்பி இருக்கு. வெளிய போ."

போகும்போது கைப்பிடியைத் தொட்டு, சேற்று டயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார், கடைக்காரப் புத்தி. இவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் கொசுமருந்து அடிப்பது மாதிரி அடித்தாள். "மெதுவாடி, மூச்சு முட்டுது" என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

காலையில் மழை விடவில்லை. இன்னும் வலுத்திருந்தது. உடுப்பு மாட்டிக்கொண்டு, சைக்கிளைச் சும்மா ஒரு சுற்று விட்டுப் பார்க்கப் போனவள் திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது. பின் பிரேக்கைப் பிடித்தால் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம்தான் வருகிறது, சக்கரம் நிற்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் நம்பி ஈரச்சரிவில் இறங்குவது தற்கொலை. இது எனக்கே தெரியும்.

அவள் யோசிக்கவில்லை. நேரே கடைக்காரரின் கூடாரத்துக்குப் போனாள். அங்கேதான் எல்லோரும் கடைசி நேரப் பழுது பார்க்க மொய்த்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் கத்தினாள்.

"நேத்து சாயந்திரம் வந்து என் பிரேக்கை என்னடா பண்ண? நான் இறங்கக் கூடாதுன்னு இப்படியும் பண்ணுவியா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கொடுடி, நன்றாகக் கொடு என்றிருந்தது. கடைக்காரர் குனிந்தார். பின்தகட்டில் விரலைத் தேய்த்தார். மோந்து பார்த்தார். அந்த விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன வாசனை இது? சொல்லு. முன்னாடி பை சுத்தியிருந்த, நானே பாத்தேன். பின்னாடி சுத்தினியா?"

அந்த ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. அவரோடு சண்டை போட்ட கோபத்தில் பின்தகட்டை மூடாமலே அடித்திருக்கிறாள். தகட்டைத் துடைத்துவிடலாம், அதைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான். சுற்றி நின்றவர்களில் யாரோ, "பிரேக்கம்மாவுக்கு பிரேக்கே இல்லையாம்!" என்றான். கொல்லென்று சிரிப்பு.

"இந்த மாடலுக்குப் புது பேட் என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார் கடைக்காரர். குரலை உயர்த்திக்கொண்டார். "தர்றேன். ஆனா நீ பழி போட்டது இங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. மன்னிப்பும் எல்லாருக்கும் கேக்கணும். டேய், சத்தம் போடாம இருங்கடா, அவ பேசட்டும்."

அவ்வளவு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். தார்ப்பாயில் விழுகிற மழை மட்டும்தான் கேட்டது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வாடி போலாம். இவர்கிட்ட நீ கெஞ்சணுமா? பந்தயமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். வீட்டுக்குப் போய்ச் சூடா குளிச்சிட்டுப் படு."

உண்மையில் என் மனதில் அப்போது ஒரு நிம்மதிகூட இருந்தது. பிரேக் போனதே சாக்கு, இனி இறங்கமாட்டாள், எலும்பு தப்பியது என்று. ஒலிபெருக்கியில் பெண்கள் பிரிவைக் கூப்பிட்டார்கள். அவள் என் கையை எடுத்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"தகட்டை மூடாம அடிச்சது நான். என்னன்னு பாக்காம உன் மேல பழி போட்டதும் நான். உன்னைத் திருடனைக் கேக்கற மாதிரி நாலு பேர் முன்னாடி கேட்டேன். அது தப்பு. என்னை மன்னிச்சிடு."

முணுமுணுக்கவில்லை, அழவில்லை, தலையைக் குனியவும் இல்லை. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற அதே குரல். கடைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முரண்டு பிடிப்பாள், இல்லையென்றால் உடைந்து அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பேடை எடுத்து நீட்டினார்.

வாங்கி அங்கேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து மாற்றினாள். பேடைப் பிடித்திருக்கிற ஊசியை உருவி, பழையதைப் பிடுங்கி எறிந்து, தகட்டை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, புதியதைச் செருகினாள். புதுப் பேடு உடனே பிடிக்காது. ஓட்டிப்போய் அழுத்தி, ஓட்டிப்போய் அழுத்திப் பழக்கவேண்டும். சேற்றில் அப்படியே மேலும் கீழும் போனாள். ஒவ்வொரு தடவையும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தடவை சக்கரம் வெடுக்கென்று நின்றது. ஒருவனும் கலையவில்லை, பேசவில்லை. அவர் அடக்கி வைத்த அமைதி அப்படியே இருந்தது.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளும்போது அவர் கிட்டே வந்தார். குரல் தழைந்திருந்தது. பழைய மாப்பிள்ளைக் குரல்.

"இந்த ஒரு வார்த்தை அப்பவே உன் வாயில வந்திருந்தா நாம பிரிஞ்சிருக்கவே மாட்டோம்."

அவள் வாரைக் கட்டி முடித்தாள். அவர் மெல்லச் சொன்னதற்கு அவள் மெல்லப் பதில் சொல்லவில்லை.

"அப்ப தப்பு என்னோடது இல்ல. பாலத்துல வலை அடிக்காம அடிச்சாச்சுன்னு சொன்னது நீ. இன்னைக்குத் தப்பு என்னோடது, மன்னிப்பு கேட்டுட்டேன்."

இவ்வளவு காலமும் வெளியில் யாரிடமும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். அத்தனை காதிலும் விழுந்தது. சிரித்தவர்களில் ஒருவன், "எந்தப் பாலம்ண்ணே? ஓடைப் பாலமா? அதுல நானும் ஓட்டியிருக்கேனே" என்றான். அவன் குரலில் சிரிப்பு இல்லை. கடைக்காரர் அவனைப் பார்க்காமல் கருவிப் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

அவள் நிற்கவில்லை. ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது, அவள் தன் பந்தய எண்ணைச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே போனாள். மலையேறுகிற பாதையில் மழை முகத்திலடிக்க அவள் மிதித்துப் போவது கொஞ்ச தூரம் தெரிந்தது. பயம் போய்விடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி வாடி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா" என்றார் கடைக்காரர். கையில் ஒரு திருப்புளி, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "அன்னைக்கு நான் வந்து..."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அதோ போறா பாருங்க."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். மழையைப் பார்த்தார். போகவில்லை. நான் குடையை விரித்துக்கொண்டு கடைசி இறக்கம் முடிகிற இடத்துக்கு நடந்தேன்.