தீட்டு வீட்டு அரிசி

புரட்டாசி மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் நான்தான் சட்டாம்பிள்ளை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் சின்ன ஊர் அது. சனிக்கிழமைதோறும் நெற்றியில் நாமம் போட்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு, "கோவிந்தா" என்று வீடு வீடாக அரிசி எடுப்போம். பிறகு அந்த அரிசியோடு திருமலைக்கு நடை. மலையேறும்வரை பிள்ளை பெற்ற வீட்டிலோ இழவு வீட்டிலோ கால் வைக்கக் கூடாது. வைத்தால் தீட்டு, விரதம் போச்சு. யாராவது வைத்தால் நான் விடமாட்டேன். கோவர்த்தனனைக் கண்டால் பெருமாளுக்கே கொஞ்சம் பயம் என்று கிண்டல் செய்வார்கள்.

வருஷா வருஷம் என்னிடம் மாட்டிக்கொண்டவள் பொன்னியம்மா. ஊரில் பிரசவம் பார்ப்பவள். அவள் மகள் மல்லிகாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. "என் கையால் அரிசி எடுத்து நடந்து வருகிறேன், என் மகளுக்கு ஒரு பிள்ளையைக் கொடு" என்று மலையப்பனிடம் வேண்டிக்கொண்டாள். மூன்று புரட்டாசி அரிசி எடுத்தாள். மூன்று முறையும் கிளம்புகிற நேரத்தில் எவளுக்காவது வலி எடுத்துவிடும். இவள் ஓடுவாள். தீட்டுப்பட்ட அரிசியை மலைக்குக் கொண்டுபோக முடியுமா? பெற்றவளுக்கே கஞ்சி வைத்துக் கொடுத்துவிடுவாள்.

மூன்றாவது முறை வலி எடுத்தது என் மனைவி தாட்சாயணிக்கு. அன்றைக்கு மட்டும் நான் தீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம். எங்கள் ஊர் சென்னைக்கா, ஆந்திராவுக்கா என்று டீக்கடையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். பொன்னியம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. எந்தப் பக்கத்து ஆள் வந்து கூப்பிட்டாலும் எழுந்து போவாள். அப்போது மல்லிகாவுக்கு எட்டு மாதம். இந்த முறை எப்படியும் மலையேறிவிட வேண்டும் என்று மஞ்சள் துணியில் அரிசியை முடிந்துகொண்டு எங்களோடு நடந்தாள்.

வடமாலைப்பேட்டை தாண்டியதும் புளிய மரத்தடியில் ஒரு மாட்டு வண்டி. வளையல் விற்கிற சாயபு ஒருவர் ஓடி வந்தார். "எவரைனா மந்த்ரசானி உன்னாரா அம்மா?" என்று, பிரசவம் பார்க்கிறவள் யாராவது உண்டா எனக் கேட்டுக் கும்பிட்டார். வண்டிக்குள் அவர் மனைவி வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

பொன்னியம்மா நின்றுவிட்டாள்.

"பொன்னி, நிக்காத," என்றேன். "இந்த வருசமும் சாமிய ஏமாத்திட்டா மல்லிகா புள்ள தங்காது. அவங்க சாமி வேற. அவங்களுக்கு வேற யாராச்சும் வருவாங்க."

எப்பேர்ப்பட்ட வார்த்தை! இப்போது நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

எதிரே மலை தெரிந்தது. அதைப் பார்த்து அவள் கண் கலங்கினாள். "எனக்கும் பயமாத்தான் கீது சாமி. ஆனா அவ கத்தறது காதுல வுழுதே, எப்படி நடக்குறது? நீங்க போங்க."

போனோம். மலையில் சந்நிதிக்கு முன்னால் அவளுக்காகத்தான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். சரியாக முகம்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்பினால் அதே மரத்தடியில் தாயும் பிள்ளையும், கூடவே இவள். தீட்டு ஒட்டிவிடும் என்று பத்தடி தள்ளி நின்றேன். கையில் பிரசாதம் இருந்தும் கொடுக்கவில்லை. "அரிசி?" என்றேன்.

"கஞ்சி காச்சிட்டேன். அழுதுகினேதான் காச்சினேன். பாவம், அவ ஒரு நாள் பூரா ஒண்ணும் துன்னல. ரெண்டு வாய் குடிச்சிட்டு, அல்லாதான் உன்ன அனுப்பிச்சாருன்னு தெலுங்குல சொன்னா. அப்பத்தான் எனக்குத் தோணிச்சு சாமி. நான் யாருக்குன்னு அரிசி எடுக்கறனோ, அவரு நாலு வருசமா எறங்கி வந்து வாங்கிகினு போறாரு. நான்தான் கொண்டும்போய்க் குடுக்கலன்னு அழுதுகினு கெடந்தேன்."

ஏதோ மனத்தைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தபடி நடையைக் கட்டினேன்.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை காலையில் மல்லிகாவுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது. சாமி குத்தம் என்று ஊரே சொன்னது. சொல்லிக் கொடுத்தவனே நான்தானே! என் வாக்கு பலித்துவிடக் கூடாதே என்று பொன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

உள்ளே போகுமுன் அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா சாமி, பயமா? புள்ள பொழைக்கலாம், பொழைக்காமலும் போவலாம். ஆனா அவருக்கு எம்மேல கோவமில்ல." சொல்லிவிட்டு உள்ளே போனாள். மத்தியானம் குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை, கைக்கு அடங்குகிற அளவு. நானும் அழுதேன்.

மறுநாள் கடைசி சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைக்கிற ஊர்த் தளிகைக்காக அரிசி எடுத்துக்கொண்டு வந்தோம். அவள் வீடு வந்ததும், தீட்டு வீடு என்று கூட்டம் வழக்கம்போல் தாண்டிப் போனது. நான் நின்றேன்.

"கோவிந்தா!"

தாண்டிப் போன கூட்டம் திரும்பிப் பார்த்தது. பொன்னியம்மா பதறிப்போய் வாசலுக்கு வந்தாள். "சாமி, இது தீட்டு வூடு."

"தெரியும்," என்றேன். "மலையில என்னைத் தள்ளிவுட்டுட்டாங்க, நான் சரியாப் பாக்கல. நீதான் அவரை ரெண்டு கையிலயும் ஏந்தியிருக்கிற. அந்தக் கையால போடும்மா."

சொம்பை நீட்டினேன்.