படகுக்குப் போகும் கயிறு

இரண்டு வருடங்களுக்கு முன் நல்ல கேமரா ஒன்று வாங்கினேன். ஞாயிறுதோறும் விடிந்ததும் மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் பாலவாக்கம் கடற்கரைக்குப் போய்விடுவேன். வானம், கடல், மணல், படகுகள், தூரத்தில் நாலு நாய் என்று கண்ணில் பட்டதெல்லாம் ஒரே படத்தில் இருக்கும். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் மைத்துனர் மட்டும் கட்டைவிரலை உயர்த்துவார். அவர் எதற்கும் உயர்த்துவார்.

ஒரு நாள் மனைவியிடம் படத்தை நீட்டினேன். தி.நகரில் ஒரு புடவைக் கடையில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் புடவைகளை அழகாக அடுக்கிவைப்பது அவள் வேலை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நான் எதைப் பார்க்கணும்?”

“எல்லாத்தையும்தான்.”

“கண்ணாடிக்குப் பின்னால நாப்பது புடவையைத் தொங்கவிட்டா யாருமே நிக்க மாட்டாங்க. ஒண்ணை விரிச்சு, கண்ணு அதுகிட்ட போறதுக்கு வழி விடணும்.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்போ நீயே வந்து காட்டு” என்றேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. “வெறும் வெள்ளை. அதுக்கு எதுக்குங்க பாதிப் படம்? மேல கொஞ்சூண்டு போதும்” என்றாள். ஈர மணலில் ஒரு நீலப் படகு நின்றது. அதன் கயிறு வளைந்து வளைந்து எங்கள் காலடி வரை வந்திருந்தது. “இந்த மூலையிலேர்ந்து கயிறு கிளம்பட்டும். படகை நடுவுல வைக்காதீங்க, வலது பக்கம் தள்ளி வைங்க. இன்னும் கீழ போங்க.”

உட்கார்ந்தேன். போதவில்லை. முட்டி கெஞ்சக் கெஞ்ச மணலில் குப்புறப் படுத்தேன்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். “இன்னா சார், மயக்கமா? தண்ணி வேணுமா?”

“இல்லப்பா, உங்க படகை போட்டோ எடுக்கிறேன்.”

“அட நைனா, மின்னாடியே சொல்றதில்ல? பெயிண்ட் அடிச்சி வெச்சிருப்பனே!”

நான் சிரித்தபடி பொத்தானை அமுக்கவும் ஓர் அலை வந்து என்னை முழுக்க நனைக்கவும் சரியாக இருந்தது. கேமராவை மட்டும் எப்படியோ தூக்கிப் பிடித்துவிட்டேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சட்டையைப் பிழிந்துகொண்டே திரையைப் பார்த்தேன். கண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்குப் போனது. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுக் கடலுக்குப் போனது. எத்தனை ஞாயிறு வந்த இடம்! சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

எங்கள் பல் மருத்துவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டினார். போன மாதம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, வீங்கிய கன்னத்தோடு ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோவாதானே சார் இது?”

“பாலவாக்கம்.”

“சும்மா இருங்க சார். என் வீடே அங்கதான். அங்க ஏது இவ்ளோ இடம்?”

உள்ளே கூப்பிட்டார்கள். கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தவர், கதவருகே நின்று படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் போனார்.