மாஸ்டருக்குப் பேசியவன்

யாரையும் நாம் முகம் பார்த்துத்தான் பழகுவோம். மாஸ்டரை நான் வாய் பார்த்துப் பழகினேன். கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டர். உள்ளே கும்மிருட்டு. ஏசி குளிருக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறேன். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரிய உருவம் சத்தமே இல்லாமல் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சின்னத் துண்டுப் படத்தை வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதே வாய் அதே சொற்களை அசைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் நம் குரலைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன்பு நான் பேசியதெல்லாம் ‘ஐயா, வண்டி வந்திடுச்சு’ என்கிற அளவு வசனங்கள்தான். அன்றுதான் முதல்முறையாக ஒரு முழுப் பாத்திரம். சொதப்பினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் அந்த வாய் எனக்கு வழி விட்டது. ஒரு வாக்கியம் முடிந்தால் சுத்தமாக மூடியது. மூச்சு வாங்க இடம் கொடுத்தது. பிறகு, ‘வா’ என்று கூப்பிடுவதுபோல அடுத்த சொல்லுக்குத் திறந்தது. மற்ற நடிகர்கள் சொல்லை மெல்லுவார்கள், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. என்னைக் காப்பாற்றிய மனிதரின் மூக்குக்கு மேலே நான் அன்று பார்த்ததாகவே நினைவில்லை. அன்றிலிருந்து அவர் படங்களுக்கு நான்தான் பேசினேன்.

அந்தச் சுத்தத்துக்குக் காரணம் டிரம்பெட் என்பது பிறகுதான் தெரிந்தது. மாஸ்டர் படப் பாட்டுகளுக்கு டிரம்பெட் ஊத வந்தவர். ஒருநாள் பாட்டுப் பதிவுக்கு வந்த டைரக்டர் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய உடம்பையும் மீசையையும் பார்த்துவிட்டு, “இந்த ஆளுக்கு ஒரு தொப்பி வெச்சா இன்ஸ்பெக்டர்” என்றாராம். அப்படி ஆரம்பித்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. இன்ஸ்பெக்டர், மில் முதலாளி, அமைச்சர், நீதிபதி, கதாநாயகியின் அப்பா. படத்தில் அவருக்கு ஆறேழு காட்சி இருந்தால் அதிகம். தெருவில் போனால் எல்லோருக்கும் முகம் தெரியும், பேர் தெரியாது. “அதாம்பா, பொண்ணக் குடுக்க மாட்டேன்னு கத்துவாரே, அவரு” என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்துச் சர்ச்சில் பாடகர் குழுவை அவர்தான் பழக்கினார். அதனால் அவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். டிரம்பெட் ஊதுபவனுக்கு உதடுதான் மூலதனம். எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று பழகிய உதடு வசனத்திலும் அதை விடவில்லை. அவர் நடித்ததில் பாதி எனக்காகத்தான் என்று பிறகு நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அவருடைய குரலை முதலில் கேட்டது மின்சார ரயிலில். தாம்பரம் வண்டி, மாலைக் கூட்டம். எனக்கு எதிரே யாருடனோ பேசிக்கொண்டிருந்த பெரியவரின் வாயைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் அதிலிருந்து வந்த குரல் கீச்சென்று, மெல்லிசாக, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் இருந்தது. பேச்சு வேறு அனகாபுத்தூர்ச் சந்துப் பேச்சு. ஆற்றங்கரை ஓரம் பிறந்து வளர்ந்தவர், அதைக் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆள் தனியாக ஆனதும் பக்கத்தில் போய், “சார், நான்தான் உங்களுக்கு வாய்ஸ் குடுக்கிறேன்” என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அது? என் வூட்டுக்காரி உன்ன எங்க எங்கன்னு தேடிக்கினு கீறா.”

“எதுக்கு சார்?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே உன் குரலக் கேட்டிருந்தா என்ன வேணாம்னு சொல்லியிருப்பாளாம்.”

அந்தக் கிறிஸ்துமஸுக்கே செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. டிவியில் அவர் படம் வந்தால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார்கள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் வசனத்தைத் தானே தன் குரலில் பேசுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். திரையில் மீசை துடிக்கும் அமைச்சர், “இன்னாடா பேஜார் பண்ணிக்கினு கீற?” என்று கீச்சுக் குரலில் கேட்டால் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். “எனக்கு இதுதான் தம்பி படம். தியேட்டர்ல பார்க்கிறது யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நான் எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வேன்? அந்த யாரோ ஒருத்தர் நான்தானே.

வெளியில் கேலியாகச் சொல்லிக்கொண்டாலும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவை தயாரிப்பாளரைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு காட்சிக்குத் தானே பேசிப் பார்க்க டப்பிங் தியேட்டருக்கு வந்தார். மகளை வீட்டைவிட்டுத் துரத்துகிற அப்பா வேஷம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சவுண்ட் இன்ஜினியர் கடைசியில், “மாஸ்டர், வேணாம். அழுவுற சீன் காமெடி சீன் ஆயிடும்” என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தவர் என் தோளில் கை வைத்து, “போப்பா, போய் உன் பொழப்பப் பாரு” என்றார். கோபமே இல்லை. ரயிலில் திரும்பும்போது பல்லாவரம் தாண்டியதும்தான் வாய் திறந்தார். “ஒரே ஒரு படம் தம்பி. சாவறதுக்குள்ள ஒரே ஒரு படத்துல நான் பேசணும். அவ தியேட்டர்ல ஒக்காந்து கேக்கணும்.” அவர் பேசாத வரைக்கும்தான் எனக்கு வேலை. என் பிள்ளைகள் படித்தது, நான் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடந்தது எல்லாம் அந்த வாய் போட்ட சோறு. அது அவருக்கும் தெரியும். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பிறகு தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அதன் வழியாகத்தான். டிரம்பெட்டுக்கு இனி காற்று உதடு வரைக்கும் வராது என்று டாக்டர் சொன்னபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்க்கப் போனபோது நர்ஸ் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க, மாஸ்டர் வாயை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தும் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் அச்சடித்ததுபோலத் தெரிந்தது. “தலகாணிய ஏத்தி வைக்கச் சொல்றார்” என்றேன். பழக்க தோஷம், அதை இன்ஸ்பெக்டர் குரலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். பிறகு என்னைப் பார்த்து வாயசைத்தார். “இன்னா போச்சு இப்ப? காலம் பூரா நீதானே பேசின? எவனுக்கும் வித்தியாசம் தெரியாது.” ரயிலில் அவர் சொன்ன அந்த ஒரே ஒரு படம் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

உடம்பு தேறியதும் நீதிபதி வேஷம் ஒன்று வந்தது. நீதிபதி கழுத்தில் வெள்ளைப் பட்டை உண்டு, ஓட்டை தெரியாது. ஆனால் நீளமான தீர்ப்பு வசனம். டைரக்டருக்குத் தயக்கம். குரல் இல்லாமல் வெறும் வாயை அசைத்தால் முகத்தில் உயிர் இருக்குமா என்று அவர் கேட்டதில் தப்பில்லை. உதவி டைரக்டர் ஒருவர் வசனத்தைப் படிக்கப் படிக்க, மாஸ்டர் வாயசைத்துப் பார்த்தார். படித்தவர் ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவதுபோலப் படித்தார். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று போனது. டப்பிங் பேசுகிறவனுக்கு ஷூட்டிங்கில் என்ன வேலை? இருந்தும் மாஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். கேமராவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து நான் வசனத்தைப் பேச ஆரம்பித்தேன். அத்தனை வருஷமாக அவர் வாய் முன்னால் போகும், என் குரல் பின்னால் போகும். அன்று யார் முன்னால், யார் பின்னால் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கும் இடம் எனக்குத் தெரியும், நான் இழுக்கும் இடம் அவருக்குத் தெரியும். வசனம் முடிந்ததும் டைரக்டர் ஓகே சொல்லவே மறந்துபோனார். அந்த ஒரு ஷாட்டால் மாஸ்டருக்கு அடுத்தடுத்து வேலை வந்தது. மஃப்ளர் கட்டிய மாமனார், அங்கி போட்ட பாதிரியார் என்று கழுத்தை மூடிய வேஷமாகப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

ஆனால் வீட்டில் டிவிச் சத்தத்தைக் குறைக்கும் பழக்கம் நின்றுபோனது. ஒரு பொங்கல் லீவில் நான் போயிருந்தபோது அவருடைய பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பழக்கமாக ரிமோட்டை எடுத்து, பிறகு அப்படியே வைத்துவிட்டார். திரையில் என் குரல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அக்கா ரிமோட்டை வைத்ததை மாஸ்டர் கவனித்திருக்க வேண்டும். அடுத்த வாரமே குரல் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மாவிடம் போக ஆரம்பித்தார். காற்றை விழுங்கி, ஏப்பம்போல மேலே கொண்டுவந்து, அது வெளியேறுவதற்குள் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பலபேர் பாதியில் விட்டுவிடுவார்களாம். மாஸ்டர் விடவில்லை. காலையில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே பழகினார். முதலில் ஒரு சொல், பிறகு இரண்டு, பிறகு அரை வாக்கியம். கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து வருகிற தடித்த குரல். முதல்முறை என்னிடம் அதில் பேசியபோது அவரே கிண்டல் செய்துகொண்டார். “இப்பதாம்ப்பா... வில்லன் குரல்... வந்துகீது.”

போன வருஷம் பொத்தேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளம்பெண் தான் எடுக்கப்போகும் முதல் படத்துக்கு அவரைக் கேட்டு வந்தாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடும் கிழவர் வேஷம். வழக்கம்போல நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ்டர் வாயசைத்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளி ஆட்கள் முன்னால் அந்தக் குரலில் பேச அவருக்குக் கூச்சம். நடுவில் காப்பி வராததால் சமையலறைப் பக்கம் திரும்பி, “காப்பி... இன்னா... ஆச்சு?” என்று கேட்டார். அந்தப் பெண் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டாள். “சார், இந்த வாய்ஸ்தான் சார் எனக்கு வேணும். நாங்க டப்பிங்கே பண்றதில்ல, ஸ்பாட்டுலயே ரெக்கார்ட் பண்ணிடுவோம்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஒரு நிமிஷம் என் சட்டையை யாரோ கழற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. மாஸ்டர் அவளை விட்டு என் பக்கம் திரும்பினார். “நீ இன்னா... சொல்ற?” நான் வேண்டாம் என்றால் அவர் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மனிதர் தன் ஆயுசு முழுக்கக் காத்திருந்ததை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். “பேசுங்க மாஸ்டர். ரொம்ப நாள் நானே பேசிட்டேன்” என்றேன்.

படம் சின்னப் படம்தான். தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் போட்டிருந்தார்கள். மாஸ்டர் வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். அக்கா விடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. பாதிக்கு மேல் காலி நாற்காலிகள், பின்னால் கல்லூரிப் பையன்கள் கொஞ்சம் பேர். அவருடைய முதல் காட்சி வந்தது. வாடகைக்கு அறை கேட்டு வந்த பையனை அவர் வாசலிலேயே நிறுத்திப் பார்க்கிறார். நான் என்னையறியாமல் மூச்சை இழுத்துக்கொண்டேன். திரையில் வாய் திறந்தது. அந்தக் கரகரத்த குரல் தியேட்டர் முழுக்கப் பரவியது. என் உதடு அசைந்துகொண்டிருந்தது. எனக்கு எதிரில் மைக் இல்லை, என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் பேசப் பேச நான் வெறும் வாயசைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், “செம வாய்ஸ் மச்சான். யாரு டப்பிங்?” என்று கேட்டான்.

என் வாழ்க்கையில் எத்தனையோ தியேட்டர்களில் என் காதில் விழுந்த கேள்விதான். இந்தத் தடவை அதற்குப் பதில் நான் இல்லை. அக்கா திரும்பினார். தியேட்டரில் ஒரு வார்த்தை பேசாதவர், நாற்காலியில் முழங்கால் இடிக்க முழுசாகத் திரும்பி, வகுப்பில் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

“டப்பிங் இல்லப்பா. அவரேதான் பேசுறார்.”