பாய் இறக்கியவர் என்ற கட்டம்

சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட எனக்கு இப்போது முடிவதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாக ஒரு பீங்கானில் வாங்கிக்கொள்கிறேன். ஐந்தாறு பேர் ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது பிறந்ததிலிருந்து பழக்கம். அதைப் பார்த்து எனக்குக் குமட்டும் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊரின் பாய்வள்ளச் சங்கம் உப்பங்கழிக் களப்பின் பக்கம் இருக்கிறது. தகரம் போட்ட ஒரு கொட்டகை, நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள், கதவு மூடாத ஓர் அலுமாரி, ஒரு மைக் செட். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மாதம் ஒரு முறை ஓட்டப் போட்டி. பதினான்கு வள்ளங்கள் கரையிலிருந்து கிளம்பி, ஆழமான ஓடையின் ஓரத்தில் நட்ட கொடிக்கம்பைச் சுற்றி, கண்டல் திட்டுக்குப் பக்கத்தில் நட்ட இன்னொரு கம்பையும் சுற்றித் திரும்ப வேண்டும், இப்படி இரண்டு சுற்று. கடல் பக்கத்தில், ஆலங்குடாவில், வெளிநாட்டுக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பறக்கிறார்கள். அவர்களைப் பார்க்க பஸ்ஸில் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஓட்டத்தைப் பார்க்க நாங்கள்தான்.

என் கணவரின் வள்ளம் ஏழாம் இலக்கம். நான் உயர்தரம் வரை படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று கல்யாணம் முடிந்த அடுத்த வருடமே ஓட்டப் புத்தகத்தை என்னிடம் தந்தார்கள். சங்கத் தலைவர் என் கணவரின் தாய்மாமா. நானும் அவரை மாமா என்றே கூப்பிடுவேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணிடம், அதுவும் கேம்பிலிருந்து வந்த மருமகளிடம், புத்தகத்தைத் தந்திருக்கிறார்களே என்று. என் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். நான் பிறந்ததே இங்கேதான். அகதிகளுக்குப் போட்ட ஓலைக் கொட்டில்கள் இருந்த இடத்தில் இப்போது கல்வீடுகள் இருக்கின்றன, கேற்றுகள்கூட இருக்கின்றன. ஆனாலும் அந்த இடத்துக்குப் பெயர் இன்னும் கேம்ப்தான்.

புத்தகத்தில் ஒரு கட்டம் உண்டு. ‘பாய் இறக்கியவர்’ என்று தலைப்புப் போட்டது. ஒரு வள்ளம் கவிழ்ந்தால் அந்த நிமிடத்தில் அதற்கு மிகக் கிட்ட இருக்கிற வள்ளம் பாயை இறக்கிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். நிற்பவருக்கு நட்டமில்லை. அந்த நிமிடத்தில் எத்தனையாவது இடத்தில் இருந்தாரோ அந்த இடம் அவருக்கே. அதனால்தான் கரையில் கட்டிய பலகைப் பரணில் ஏறி, தூரக்கண்ணாடியால் பார்த்து, யார் எங்கே என்று விடாமல் குறிக்க ஓர் ஆள் தேவை. பழைய பக்கங்களைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் எப்போதோ மௌத்தாகி அடக்கமானவர்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. ஊரில் யாரைப் பற்றியாவது நல்ல கதை வந்தால், அவர் ரெண்டு தரம் பாய் இறக்கினவர் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே எனக்குச் சரியில்லை. ஓட்டத்து நாளில் நூறு பேருக்குச் சமையல் நடக்கும். பெண்கள் தண்ணீர் ஓரத்தில் குந்தி இருபத்தைந்து கோழிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குடலும் இறகும் மஞ்சள் கொழுப்பும் அப்படியே களப்பில். நாலடி தள்ளிப் பிள்ளைகள் குளித்தார்கள்.

“மாமி, இத ஒரு குழி தோண்டிப் புதைச்சா என்ன?” என்று என் மாமியாரிடம் கேட்டேன்.

“தண்ணி கொண்டு போயிரும் புள்ள. படிச்ச ஆக்களுக்கு எல்லாத்துலயும் அருவருப்பு” என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

களப்பு எதையும் கொண்டு போவதில்லை. போட்டதைக் காலடியிலேயே வைத்து ஆட்டிக்கொண்டிருக்கும். நான் பேசாமல் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறினேன்.

அன்று ஓட்டத்தில் புதிதாகப் பதினோராம் இலக்கம். கேம்பிலிருந்து சங்கத்தில் சேர்ந்த முதல் வள்ளம். ஓட்டியவர் என் உம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், நான் சின்னதிலிருந்து சாச்சா என்று கூப்பிடுகிறவர். கூட அவருடைய மருமகன். இரண்டாம் சுற்றில் என் கணவர் முன்னால் போனார். சாச்சா அவருக்குப் பின்னால், ஒரு வள்ள நீளத்துக்கும் குறைவாக. கரையில் இருந்தவர்களின் சத்தம் குறைந்துவிட்டது. கேம்ப் வள்ளம் இவ்வளவு கிட்ட வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

ஓடை ஓரத்துக் கம்பைச் சுற்றும்போது காற்று ஓர் அடி அடித்தது. பதினொன்று பக்கவாட்டில் சாய்ந்து, பாய் தண்ணீரில் படுத்து, கவிழ்ந்தது. கண்ணாடியில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. என் கணவர் திரும்பிப் பார்த்தார். முகம் முழுதாகத் திரும்பியது. பிறகு முன்னால் திரும்பி, பாய்க்கயிற்றை இன்னும் இறுக்கினார்.

அப்போதுதான் மடியில் இருந்த பிள்ளை ஓங்காளித்தாள். பார்த்தால் வாயில் ஒரு கோழிக்கால். நகத்தோடு, மஞ்சளாக. கீழே எங்கோ பொறுக்கிக் கையில் வைத்திருந்திருக்கிறாள். விரலை விட்டு எடுத்தேன், வாயைத் துடைத்தேன், திரும்பக் கண்ணாடியை எடுத்தேன். ஏழு தூரம் போய்விட்டது. பின்னால் வந்த வள்ளங்களும், முன்னால் போனவரே நிற்கவில்லையே என்று, கவிழ்ந்ததை வளைத்துக்கொண்டு போயின. காவலுக்கு வைத்த இயந்திர வள்ளம் கரையில் கட்டிக் கிடந்தது. அதன் ஓட்டுநர் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் உப்புப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பரணிலிருந்து கத்தினேன். அவர் கையைக் கழுவி, சாரத்தில் துடைத்து, நடந்துதான் போனார்.

என் கணவரைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டிருந்தபோது சாச்சாவையும் மருமகனையும் கொண்டுவந்து இறக்கினார்கள். சாச்சா மணலில் குந்தி, களப்புத் தண்ணீரை வாந்தியாக எடுத்தார். தண்ணீரில் மிதக்கும் சொறிமீன் பட்டுத் தோள் முழுக்கத் தடித்திருந்தது.

“மன்னார்ல நீந்தப் படிக்கல்லியா சாச்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“விடு மச்சான், கேம்ப் ஆக்களுக்கு எங்கட தண்ணி நல்ல ருசியாம்” என்றார் இன்னொருவர்.

சிரித்தவர்களில் ஒரு பல் வைத்தியர்கூட இருந்தார். என் பிள்ளைக்குப் பல் பார்த்தவர்.

மாமா என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான் அவர். இல்லை, நல்ல மனிதர் என்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. என் பிரசவத்துக்கு அவருடைய வான் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“மகள், பதினொண்டு வெலகினதா போடுங்க. கவுர முந்தியே பாய் தளந்துதானே இரிந்தது.”

“இல்ல மாமா, நான் கண்ணாடியால பாத்துக்கிட்டு இரிந்தன். நல்லாத்தான் ஓடினாங்க.”

“பாத்தீங்க, ஓம். புள்ளயும் மடியில வெச்சிக்கிட்டுத்தானே பாத்தீங்க? ஒரு நிமிசம் கண்ணு தப்பாதா?”

கோழிக்காலை எடுத்த அந்த நிமிடத்தை அவர் எப்படிக் கண்டார் என்று எனக்குப் பயமாகப் போனது. அது கவிழ்ந்ததற்குப் பிறகு. பிறகுதானா? முதலில் முகம் திரும்பியது, பிறகுதான் பிள்ளை ஓங்காளித்தாள். அப்படித்தான். ஆனால் அவர் கேட்டதும் எனக்கே ஒரு கணம் ஆட்டம் கண்டது.

“இது பொய்யில்ல மகள். ஊர்ட ஒத்துமைக்கு. ஒங்கட மாப்புளட மானமும் இரிக்கி.”

‘11 – விலகினார்’ என்று எழுதினேன். பாய் இறக்கியவர் கட்டத்தில் ஒரு கோடு. கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. மாமா அதை மைக்கில் வாசித்தார்.

எங்கள் சங்கத்தில் முதலாவதாக வந்தவர்களும் கடைசியாக வந்தவர்களும் ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. விலகினவர் என்றால் கடைசிதானே. தரையில் விரித்த பாயில் என் கணவருக்கு எதிரே சாச்சா உட்கார்ந்தார். என் கணவர் பெரிய இறைச்சித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார்.

“சாப்புடுங்க சாச்சா. பாவம், மிச்சம் தண்ணி குடிச்சிட்டீங்க.”

சாச்சா சாப்பிட்டார். என் கணவரின் விரல்களை நான் பெண்களுக்குக் கட்டிய மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சற்று முன் கயிற்றை இறுக்கிய அதே விரல்கள், நெய் வடிய, விருந்தோம்பிக்கொண்டிருந்தன. எனக்கு வாய் நிறைய உமிழ்நீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அப்படி.

கை கழுவும் இடத்தில் சாச்சா என்னைக் கண்டார். “நான் எங்க மகள் வெலகின?” என்று கேட்டார். கோபமில்லாமல், வழி கேட்கிற மாதிரி.

“புள்ள அழுறா சாச்சா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை அழவில்லை.

சங்க அலுமாரியில் கரப்பான் என்பதால் புத்தகம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். அந்தக் கிழமை முழுவதும் அது தையல் மெஷினுக்கு மேல் கிடந்தது. பிள்ளையின் வாயை நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவினேன் என்று தெரியாது. வீட்டில் கோழி வாங்கவில்லை. கணவர் பக்கத்தில் வந்தால் எனக்கு அந்தக் களப்போரத்து நாற்றம் வந்தது. அவர் குளித்துவிட்டுத்தான் வருவார். நாற்றம் என் மூக்கில்தான் இருந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை உம்மா போன் எடுத்தார். “ஒன்ட சாச்சா மூணு நாளா பாய் தைக்கிறாரு. கிழிஞ்ச இடத்துக்கு கோதும மாச்சாக்கு வெச்சி ஒட்டுப் போட்டு. அடுத்த ஓட்டம் எப்பயாம்? ஒனக்குத் தெரியும்தானே, கேட்டுச் சொல்லச் சொன்னாரு.”

காரணமின்றி விலகும் வள்ளம் அடுத்த ஓட்டத்தில் சேராது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் பன்னிரண்டாவது சட்டம். பழைய தாள் கிழிந்துபோனதால் சட்டங்கள் எல்லாவற்றையும் நானே புதிதாகப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தேன். எழுதும்போது எனக்கு அது ஞாபகம் இருந்ததா என்று பலமுறை என்னைக் கேட்டுவிட்டேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சங்கம் கூடி அடுத்த ஓட்டத்தின் பட்டியலைப் போடும். அவர் அங்கே ஒட்டுப் போட்ட பாயைச் சுமந்துகொண்டு வந்து நிற்பார்.

போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்றபடியே ‘விலகினார்’ என்பதைக் கோடு போட்டு வெட்டினேன். கீழே எழுதினேன்: ‘கவிழ்ந்தது. கிட்ட இருந்த வள்ளம் 7. பாய் இறக்கவில்லை. நான் பார்த்தேன்.’ பேனையை அழுத்தியதில் தாள் கிழியப் பார்த்தது.

பகல் கணவர் சாப்பிட்டு முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். வாசித்தார். நேரமெடுத்து வாசித்தார்.

“நான் காணல்லன்டு சொன்னன்தானே?”

“திரும்பிப் பாத்தீங்க. நான் பாத்தன்.”

அவர் புத்தகத்தை மூடினார்.

“நிண்டிருந்தாலும் முதலாவது ஒங்களுக்குத்தானே போட்டிருப்பன். சட்டம் அப்புடித்தானே. பொறகு ஏன்?”

அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “புத்தகத்துல முதலாவது வந்தவன யாரு புள்ள தோள்ல தூக்குவான்?” என்றார். “அதும் கேம்ப் வள்ளத்துக்காக நிண்டன்டு…”

மிச்சத்தை விழுங்கிவிட்டார். நான் யாருடைய மகள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு பேர் தண்ணீரில் கிடந்தபோது ஒரு மனிதன் தோள்களைப் பற்றி யோசித்தான், அதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக விளங்கப்படுத்துகிறான். அந்தச் சோற்றுப் பீங்கானை எடுத்துக் கழுவ எனக்குக் கூசியது. கழுவினேன்.

வெள்ளிக்கிழமை அவரே புத்தகத்தை ஒரு சொப்பின் பையில் போட்டுக்கொண்டு போனார். பக்கத்தைக் கிழிப்பாரா, காட்டுவாரா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் வந்தார். பையைத் தையல் மெஷினுக்கு மேல் வைத்தார்.

“பதினொண்டு ஓடலாம். மாமா மன்னிச்சி விட்டிருக்காரு.”

“யார?”

“சாச்சாவத்தான். முதல் தரம் வெலகினதுக்கு மன்னிப்பாம். இனி எழுதுறதுக்கு வேற ஆள். ஒனக்குப் புள்ளயோட கஷ்டம்தானே. புத்தகம் மட்டும் இஞ்ச இரிக்கட்டும், அங்க கரப்பான்.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். கிழிக்கவில்லை. நான் எழுதியதற்கு மேல் ஒரு வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மாமாவின் பெரிய எழுத்தில், ‘ஓட்டம் சமாதானமாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.’ பசைக்குச் சோற்றைத் தேய்த்திருந்தார்கள். அது இன்னும் ஈரமாக, புளிப்பு வாடையோடு இருந்தது.

உம்மாவுக்குப் போன் எடுத்தேன். “சாச்சாவ வரச் சொல்லுங்க” என்றேன். “எப்பன்டு நாள் சொல்றன். பாய நல்லாத் தைக்கச் சொல்லுங்க.” மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை அவருக்கு மைக்கிலேயே சொல்வார்கள்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், ஒட்டின தாளின் ஒரு மூலை எழும்பி நின்றது. பிள்ளை அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எதைக் கண்டாலும் பொறுக்குவாள், பிய்ப்பாள், வாயில் போடுவாள். நாள் முழுக்க அவளுடைய கையைப் பிடித்து இழுப்பதுதான் என் வேலை. கிழிந்து வந்த துண்டை மட்டும் அவள் வாயில் போடாதபடி வாங்கி வைத்துக்கொண்டேன். சுரண்டும் கையை விட்டுவிட்டேன்.